கத்தாதவள்

"பிரசவத்தில் கத்தினாயா?"

வேலைக்கு ஆள் எடுத்த அன்று ஒச்சம்மாளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான். கேட்டவர் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டரம்மா. கேட்டுவிட்டு, இப்படியொரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுபோல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இல்லீங்க," என்றாள் ஒச்சம்மாள்.

"வலி இல்லையா?"

"வலிச்சதுங்க. கத்துனா நர்சம்மா வைவாங்க."

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். வேலை கிடைத்துவிட்டது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆண்கள், தங்களிடம் கேட்க முடியாத கேள்வியை வைத்து ஆள் எடுக்கிறார்களே என்று முணுமுணுத்தபடி கலைந்து போனார்கள்.

போடிக்கு மேற்கே மலைத்தொடரின் ஒரு பக்கம், யாரோ அரிவாளால் அறுத்துவிட்டாற்போலச் செங்குத்தாக நிற்கும். மொட்டைச்சுவர் என்று பெயர். வெகுகாலம் அதில் ஏறியவை வரையாடுகள் மட்டும்தான். அவற்றுக்கு அதில் ஒரு அவசியம் இருந்தது. பிறகு அவசியம் இல்லாதவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். கயிறு, ஆணி, பாறையில் தொங்கவிட்டுப் படுத்துக்கொள்ளும் துணிக்கட்டில் என்று சாமான்செட்டோடு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஏறுகிறவர்கள் வந்ததும் விழுகிறவர்களும் வந்தார்கள். விழுகிறவர்கள் வந்ததும் ஹெலிகாப்டர் வந்தது. ஹெலிகாப்டர் வந்ததும் ஒச்சம்மாளுக்கு வேலை வந்தது.

மீட்பு நிலையம் என்பது முன்பு ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கி. முன்னால் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். மாடியில் ஓர் அறை. அதில் பல் டாக்டரின் நாற்காலி மாதிரி ஒன்று, பக்கத்தில் பீரோ உயரத்துக்கு ஓர் இயந்திரம். எத்தனை முறை பினாயில் ஊற்றிக் கழுவினாலும் ஏலக்காய் வாசனை அந்த அறையை விட்டுப் போகவில்லை. வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒச்சம்மாளுக்குப் பாயசம் என்றால் உடம்பு நோக ஆரம்பித்துவிட்டது.

முதல் நாள் நிலைய அதிகாரி தேவநேசன் அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்து விளக்கினார். அவர் எதையும் விளக்குவதில் பிரியம் உள்ளவர். விளக்கம் கேட்பவருக்குப் புரிந்ததா என்பதில் அத்தனை பிரியம் இல்லாதவர்.

"மலையில அடிபட்டுத் தொங்குறவன் வலிய நீ வாங்கிக்கிறே. அவன் கீழ வந்ததும் திருப்பிக் குடுத்துடறே. அவ்வளவுதான் வேலை."

"ஏன் சார், அவருக்கு ஒரு ஊசி போட்டா வலி தெரியாதுல்ல?"

"யாரு போய்ப் போடுறது? அப்படியே போட்டாலும் தூங்கிருவான். அவன் இடுப்புல அவன் கயிறு இருக்கு. அது பாறையில அடிச்ச ஆணியில இருக்கு. நம்ம கொக்கிய மாட்டிக்கிட்ட அடுத்த நிமிசம் அவனே தன் கயிற அவுத்து விட்டாகணும். அவுக்காம விட்டா என்ன ஆகும்?"

ஒச்சம்மாள் யோசித்தாள். "மாட்ட முளையில கட்டுன மாதிரி ஹெலிகாப்டர மலையில கட்டிப்போட்டது ஆயிரும்."

"அதேதான். ஆள் முழிச்சிருக்கணும், புத்தி தெளிவா இருக்கணும், வலி மட்டும் இருக்கக் கூடாது."

"அந்த வலிய எடுத்து எங்கயாச்சும் கொட்டிர முடியாதா?"

"கொட்டிப் பாத்திருக்காங்கம்மா. கொட்டுன வேகத்துல திரும்பி அவன்கிட்டயே வந்துருதாம். இன்னொரு உடம்பு வாங்கிக்கிட்டாத்தான் இந்த உடம்பு விடுமாம்."

காகிதத்தில் அவளுடைய வேலைக்குப் பெயர் 'வலி ஏற்பாளர்'. போடியில் நோவுக்காரி என்றார்கள்.

சுவரில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் மிளகளவு ஒரு பொட்டை ஒட்டி அனுப்புவார்கள். அடிபட்டவன் வானொலியில் "எடுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். இயந்திரம் ஓட ஆரம்பிக்கும். கொடுக்கும்போது இதுவரை ஒருவரும் யோசித்தது கிடையாது. பிரச்சினை எல்லாம் திரும்பக் கொடுப்பதில்தான். சம்மதம் இல்லாமல் ஒரு மனிதன்மேல் வலியை ஏற்றுவது சித்திரவதை, பெரிய குற்றம். அது அவனுடைய சொந்த வலியாகவே இருந்தாலும் அப்படித்தான் என்று சட்டம் எழுதியவர்கள் எழுதிவிட்டார்கள். ஆகவே மீட்கப்பட்டவன் இறங்குதளத்திலேயே, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "வாங்கிக்கொண்டேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பிறகு அலறுவார்கள். டாக்டர்கள் ஊசியோடு தயாராக இருப்பார்கள். மாடியில் ஒச்சம்மாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போவாள்.

இன்னொரு வழியும் உண்டு. நாற்காலியில் இருப்பவள் கத்திவிட்டால், அவளுக்குச் சம்மதமில்லை என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அந்த நொடியிலேயே வலி உரியவனிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஒச்சம்மாளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த செல்லமயில் ஒருநாள் கத்திவிட்டாள். மேலே கொக்கியைப் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டான். அவன் ஹெலிகாப்டர் இல்லாமலே கீழே வந்து சேர்ந்தான். செல்லமயிலின் பெயருக்கு எதிரே 'கத்தியவர்' என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறாள். ஊர் அவளிடம் பூ வாங்கும், முகத்தைப் பார்க்காது.

கத்தினார், கத்தவில்லை என்று சாட்சி சொல்ல வேண்டியவர் ஜாபர் பாய். ஹெலிகாப்டர் வாசலில் குப்புறப் படுத்து இரும்புக் கயிற்றை இறக்கி ஏற்றுவது அவர் வேலை. நாற்காலியிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் கேட்பது அவர் காதில் மாட்டியிருக்கும் கருவியில்தான். ஹெலிகாப்டர் பறக்காதபோது இயந்திரத்தை ஓட்டினாலும் சாவி அவரிடம்தான் இருக்கும். சாட்சி இல்லாமல் அது ஓடக் கூடாது. பொய் சொல்லாத மனிதர் என்று அவருக்குப் போடியில் பெயர். அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு. சொந்த மச்சானின் புதுவீட்டு விருந்துக்குப் போய், சாப்பிட்டு முடித்து, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டவரிடம், கிழக்குச் சுவர் கோணல் என்று சொல்லிவிட்டு வந்தவர். "கேட்டாத்தானே சொன்னேன்," என்பது அவர் கட்சி.

ஆனி மாதக் காற்று கிளம்பிய ஒரு காலையில் விஷ்ருத் விழுந்தான்.

கோயம்புத்தூர் மில் குடும்பத்துப் பிள்ளை. துணைக்கு ஆளில்லாமல் தனியாக மொட்டைச்சுவர் ஏறப்போவதாக முன்பே அறிவித்து, ஏறுவதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தான். பாதிக்குமேல் ஏறியபிறகு பிடித்த கல் கையோடு வந்துவிட்டது. கயிறு அவனைக் காப்பாற்றியது; பாறை காலை வாங்கிக்கொண்டது.

ஒச்சம்மாள் நாற்காலியில் சாய்ந்து தலைக்கவசத்தை மாட்டினாள்.

"தங்கச்சி, கேக்குதா?" ஜாபர் பாயின் குரல் விசிறிச் சத்தத்துக்கு நடுவில் வந்தது.

"கேக்குது பாய்."

"பையன் தலைகீழாத் தொங்குறான். உடம்பு ஒரு பக்கம் பாக்குது, கால் இன்னொரு பக்கம் பாக்குது. கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும்."

"வரட்டும்."

வந்தது. வலது முழங்காலுக்குக் கீழே யாரோ உலக்கையை வைத்து, நிதானமாக, அவசரமே இல்லாமல் இடித்தார்கள். ஒச்சம்மாள் சேலை முந்தியை வாயில் திணித்துக்கொண்டு, வழக்கம்போல மனசுக்குள் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றுகொண்டாள். அதுதான் அவளுடைய வித்தை. முன்னால் இருக்கிற ஆட்கள் ஒவ்வொருவராக நகர்வார்கள். யாரோ இடையில் புகுவார்கள், சண்டை வரும். அவள் முறை வந்து பையை நீட்டும்போது மேலே வேலை முடிந்திருக்கும்.

"சுவர் இந்த இடத்துல வயிறு மாதிரி பிதுங்கிருக்கு," என்றார் ஜாபர் பாய். "ஆள இறக்க வழியில்ல. கிட்டப் போனா விசிறி பாறையில தட்டும். கொக்கிய ஊஞ்சலாட்டி விடுறேன். அவனே பிடிக்கணும்."

முதல் வீச்சில் கொக்கி எட்டவில்லை. அடுத்த வீச்சைக் காற்று தள்ளிவிட்டது. வரிசையில் ஒரு கிழவர் சர்க்கரை எடை குறைகிறது என்று தகராறு செய்தார், வரிசை நின்றுவிட்டது. ஒச்சம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. சத்தம் வரவில்லை.

"பிடிச்சுட்டான். சிரிக்கிறான் தங்கச்சி, கேமராவப் பாத்துச் சிரிக்கிறான். மாட்டுறான். இப்ப அவன் கயிற அவுக்குறான்... அவுக்குறான்... அவுத்துட்டான். அல்ஹம்துலில்லா. தூக்குறோம்."

வெறும் கொக்கியில் சுழன்றபடி, உடைந்த காலோடு, ஒரு கையை விரித்து அவன் வானத்தில் போன காட்சியை அன்றைக்கு நாடே பார்த்தது. அவன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. சுளிப்பு எல்லாம் ஏலக்காய் கிட்டங்கி மாடியில் இருந்தது. அங்கே கேமரா இல்லை.

இறங்குதளத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. தேவநேசன் சார் மேளத்துக்குச் சொல்லியிருந்தார். மகன் ஏறுவதைப் பார்க்க முதல் நாளே போடிக்கு வந்திருந்த விஷ்ருத்தின் அம்மா ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றார். தூக்குப்படுக்கையில் கிடந்தவனுக்கு மாலை போட்டு, தட்டைச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தார்கள். ஜாபர் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"தம்பி, 'வாங்கிக்கொண்டேன்'னு சொல்லுங்க."

"எதை வாங்கிக்கோணுங்க?" என்றார் அம்மா.

"வலியங்கம்மா. அவரோடதுதான்."

ஆரத்தித் தட்டு அப்படியே நின்றது. "ஏனுங்க, சாவு வாசலைத் தொட்டுப்போட்டு வந்திருக்கான். சுத்திப்போட்ட கை இன்னும் கீழ இறங்கலை. அதுக்குள்ள வலிங்கற வார்த்தையை எம்பையன் வாயில வர வைக்கறீங்களே. நல்லா இருக்குங்களா?"

மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். சுற்றி நின்ற பெண்கள் அந்த அம்மாள் சொல்வது நியாயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்கள். தேவநேசன் சார் ஜாபர் பாயின் தோளைப் பிடித்து ஒதுக்கினார்.

"நல்ல நேரத்துல அபசகுனமா எதுக்கு பாய்? காலுக்கு வைத்தியம் முடிஞ்சதும் கூட்டிட்டு வந்து சொல்லவைக்கிறது என் பொறுப்பு."

"மேல அந்தப் புள்ள?"

"ஒச்சம்மாவா? அது தாங்கும்யா."

ஆம்புலன்ஸ் கோயம்புத்தூருக்குப் போனது. ஒச்சம்மாளின் வரிசை நகரவே இல்லை.

ஒருமுறை தொடுத்துவிட்டால் இயந்திரத்தை அணைத்தாலும் அறுந்துபோகிற சமாசாரம் இல்லை அது. அவள் ஓர் அடியும் படாத தன் வலது காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு நடந்தாள். மகள் மகிழினி மாத்திரை வாங்கி வந்தாள். விழுங்கினாள்; காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. அந்தக் காலில் ஒன்றும் இல்லை. மருந்து போக வேண்டிய கால் கோயம்புத்தூரில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் திடீரென்று வலி நின்றது. தேவநேசன் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்து, குழம்பு வைத்து, மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாயங்காலம் முன்னைவிட இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. இடையில் நடந்தது ஆபரேஷன் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் காலை அறுத்து இரும்புத்தகடு வைத்துத் தைத்த அந்த நேரம்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு.

தேவநேசன் சாரிடம் கெஞ்சி நம்பர் வாங்கி, அவனுடைய அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, தம்பிக்கு வலி மாத்திரை குடுக்குறாங்களா?"

"நீங்க யாருங்க?"

"மலையிலருந்து இறக்குனப்ப, வலி வாங்கிக்கிட்டவங்க."

"அப்படீங்களா. ரொம்பச் சந்தோசமுங்க. அவனுக்கு வலியே இல்லீங்க. டாக்டருங்களே அசந்து போனாங்க. மாத்திரை வேண்டாம்னு நாந்தான் சொல்லிட்டேன். வீணா வயிறு புண்ணாகிப்போயிருமுங்க."

"எனக்காக ஒண்ணு குடுங்கம்மா."

"உங்களுக்கு வேணும்னா நீங்க சாப்பிடுங்க. எம்பையன் எதுக்குங்க சாப்பிடோணும்?" என்றார் அந்த அம்மாள், நிஜமாகவே புரியாமல்.

ஊன்றுகோலை அவன் சீக்கிரமே வீசிவிட்டான். அதுவும் ஒச்சம்மாளுக்குத் தெரிந்தது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாடிப்படி ஏறுகிறான், இதோ இறங்குகிறான், கார் பிரேக்கை மிதிக்கிறான். அவன் பொழுது முழுவதும் அவளுடைய முழங்காலுக்குக் கீழே நடந்தது. ஒருநாள் தாளத்தோடு இடித்தது. எங்கேயோ கல்யாண வீட்டில் ஆடுகிறான் என்று புரிந்துகொண்டாள்.

டிவியில் அவன் அடிக்கடி வந்தான். பேட்டி எடுத்த பெண், எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டாள். "வலிங்கறது வெளிய இல்லைங்க. மனசுலதான் இருக்கு. மனசு வேண்டாம்னு சொன்னா அது போயிரும்," என்றான்.

"போடிக்குப் போயிரும்," என்றாள் ஒச்சம்மாள்.

கொஞ்சநாளில் மலைவேந்தன் தைலம் என்று ஒரு விளம்பரம் வந்தது. மொட்டைச்சுவர் பின்னால் நிற்க, அவன் காலில் தைலத்தைத் தடவிக்கொண்டு குதித்து ஓடினான்.

"அம்மா, இங்க வா," என்று மகிழினி கூப்பிட்டாள். "உன் காலு டிவில வருது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் மகள் கேட்டாள்: "நீ கத்திரலாம்ல? நாற்காலியில உக்காந்து ஒரே ஒரு தடவ."

"கத்துனா வேலை போயிரும். உன் படிப்பு?"

"செல்லமயில் அத்தை மாதிரி நீயும் பூ விக்கலாம். நான் கட்டித் தர்றேன்."

"அந்தப் பொண்ணு வேலை போனதுக்கா தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு? நான் கத்துற நேரம் அந்தத் தம்பி எங்க நிக்கிறாரோ, மாடிப்படியில நிக்கிறாரோ, கார் ஓட்டுறாரோ. இறக்கிவிட்ட ஆள நானே மறுபடி தள்ளிவிடவா?"

மகள் டிவியை அணைத்தாள்.

அதற்குள் இன்னொரு மாற்றம். வலி தன் குரலை மாற்றிக்கொண்டது. இடிப்பது நின்று, உள்ளே ஏதோ அரைக்க ஆரம்பித்தது. ஒட்டிவந்த எலும்பு ஒட்டாமல் நகர்கிறது என்பதைச் சொல்ல அவளுக்கு டாக்டர் வேண்டியிருக்கவில்லை. தேவநேசன் சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். போகச் சொல்லும்வரை நின்றாள். சொன்ன பிறகும் நின்றாள். கடைசியில் அவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்.

விஷ்ருத் வந்தான். நல்ல பையன், அதுதான் சிக்கல். அவளைக் கண்டதும் குனிந்து காலைத் தொட்டான், அதுவும் வலது காலை. ஒரு பொன்னாடையும் ஒரு பெட்டி தைலமும் கொண்டுவந்திருந்தான். படியேறி வந்த வேகத்தில் அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஜாபர் பாய் சாவியைப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். ஒச்சம்மாள் தலைக்கவசத்தோடு நாற்காலியில் சாய்ந்தாள். விஷ்ருத் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தான். தேவநேசன் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படீங்க்கா இருக்கும்?" என்று கேட்டான்.

"எது?"

"வலி. எனக்கு நெசமாவே தெரியாதுங்க. எல்லாத்துக்கும் பேட்டி குடுத்துட்டு இருக்கேன். உள்ளுக்குள்ள வெட்கமா இருக்குது."

"முதல்ல உலக்கை மாதிரி இருந்துச்சு தம்பி. இப்ப அம்மிக்கல்லு. எலும்பு சேரல. நீங்க நடக்குறப்பல்லாம் உள்ள அரைபடுது. ஒரு படம் எடுத்துப் பாருங்க."

அவன் தேவநேசன் சாரைப் பார்த்தான். "படம் எடுத்தா வெளிய தெரிஞ்சுருமுங்க சார். அடுத்த மாசம் மறுபடியும் இதே சுவர்ல ஏறோணும். தைலக் கம்பெனியில எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"அதான் இந்தப் பொண்ணு சொல்லுதே தம்பி," என்றார் ஜாபர் பாய். "வலிச்சாத்தான் கால ஊனாம வச்சிருப்பீங்க. ஊனாம இருந்தாத்தான் சேரும். உங்க நல்லதுக்குத்தான் அது இருக்கு."

"புரியுதுங்க." நிஜமாகவே புரிந்த முகம்தான். அவன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். யாரோ கொடுத்து வைத்த பொருளைத் தொடுகிற மாதிரி தொட்டான். "சொன்ன உடனே வந்துருமுங்களா?"

"உடனே," என்றாள் ஒச்சம்மாள்.

"மொத்தமாவா?"

"மொத்தமாத்தான். இத்தன நாளும் நடந்த நடை எல்லாம் சேத்து. பக்கத்துலயே ஊசி வச்சிருக்காங்க தம்பி, பயப்படாதீங்க. ஒரு வார்த்தைதான்."

அவன் வாயைத் திறந்தான். அறையில் ஏலக்காய் வாசனை கனத்தது. வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு வேறு வார்த்தைகள் வந்தன.

"அக்கா, உங்களை என் இன்னொரு அம்மாவாத்தான் நினைக்கறேனுங்க. அடுத்த மாசம் அந்த ஏற்றம் மட்டும் முடியட்டும். அன்னைக்கே வந்து சொல்லிடறேன். சத்தியமா. அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்க்கா."

ஒச்சம்மாள் தேவநேசன் சாரைப் பார்த்தாள்.

"தம்பி கேக்குறதும் தப்பில்லையேம்மா," என்றார் அவர். "அவர் ஏறுனா நம்ம நிலையத்துக்கும் பேரு. இத்தன நாள் தாங்குனே. இன்னும் கொஞ்ச நாள்தானே. உன்னால முடியாததா? பிரசவத்துலயே கத்தாதவ நீ."

விஷ்ருத் பொன்னாடையை அவளுக்குப் போர்த்தினான். தலைக்கவசம் இடித்ததால் அது ஒரு தோளில் மட்டும் நின்றது. கும்பிட்டான், நன்றி சொன்னான், மறுபடி கும்பிட்டான். தேவநேசன் சார் அவனைக் கார்வரை கொண்டுபோய் விட இறங்கினார். கதவு பாதி திறந்தபடி நின்றது.

ஒச்சம்மாள் நாற்காலியிலிருந்து எழவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜாபர் பாய் காதுக்கருவியைக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றார்.

படிக்கட்டு மரப்படிக்கட்டு, செங்குத்தானது. அவன் முதல் படியில் கால் வைத்தது அவளுக்குத் தெரிந்தது. அடுத்த படி. அடுத்தது. தேவநேசன் சார் ஏதோ பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும், நடுவில் நின்றான். உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலில்தான் வைத்து நின்றான், வேறு காலே இல்லாதவன் மாதிரி. அம்மிக்கல் ஒருமுறை சுற்றியது. மறுபடி இறங்கினான்.

"பாய்," என்றாள்.

"சொல்லு தங்கச்சி."

"நான் இப்பக் கத்துனா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

ஜாபர் பாய் திரும்பினார். கிழக்குச் சுவர் கோணல் என்று சொல்லிவிட்டு வந்தவரின் முகம் அது. அதில் ஒளித்துவைக்க இடமே கிடையாது.

"தங்கச்சி கத்துச்சுன்னு சொல்லுவேன்," என்றார். "கேட்டதக் கேக்கலைன்னு சொல்ல எனக்கு வராது."

"தெரியும் பாய். சும்மா கேட்டேன்."

கீழே அவன் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்தான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சமதரை, வேகமான நடை. அவளுக்கு அந்த நடை பழகிப்போயிருந்தது. காரின் கதவு திறந்து மூடுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. காலிலிருந்து பாரம் இறங்கி, வெறும் அரைப்பு மட்டும் மிஞ்சியது.

"உக்காந்துட்டாரு," என்றாள். "ஓட்டுற சீட்டா பாய்?"

ஜாபர் பாய் எட்டிப் பார்த்தார். "இல்ல. டிரைவர் இருக்கான். இவன் பின்னால உக்காந்திருக்கான். சார் ஜன்னல்ல குனிஞ்சு பேசிக்கிட்டிருக்காரு. பெல்ட்டுகூடப் போட்டாச்சு."

மலையிலிருந்து இறக்கியவனை, விழ முடியாத இடத்தில் உட்காரவைத்த பிறகுதான் விட வேண்டும். அதுவரைக்கும்தான் அவள் வேலை. ஒச்சம்மாள் தோளில் தொங்கிய பொன்னாடையை எடுத்து மடித்து ஸ்டூலில் வைத்தாள். வாயில் திணிக்கக் கையில் பிடித்திருந்த முந்தியைக் கீழே விட்டாள். மனசுக்குள் ரேஷன் கடை வரிசையை எட்டிப் பார்த்தாள். முன்னால் ஒருவரும் இல்லை. கடைக்காரர் பைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஜாபர் பாய் அவளைப் பார்த்தார். ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்தார். அதில் தொங்கிய சாவியைப் பார்த்தார். அதை எடுக்க நீண்ட கை பாதியில் நின்றது. பிறகு காதுக்கருவியைக் கழற்றி, அது மேசையில் படும் சத்தம்கூடக் கேட்காமல் வைத்தார். ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வெளியே போய், கதவை இழுத்து நன்றாகச் சாத்தினார். அவர் தூரமாக, வெகு தூரமாக, கிட்டங்கியின் பின்வாசல் வழியாக நடந்து போகும் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை ஒச்சம்மாள் காத்திருந்தாள்.